கொத்தனார் கரண்டிக்கு ‘வில்லோ’ என்று பெயர் வந்தது எப்படி

பெரிய செய்தி எதையாவது கோட்டை விட்டதுண்டா என்று உங்களில் இருவர் கேட்டிருந்தீர்கள். விட்டிருக்கிறேன். ஒரு அமைச்சர் கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கி, டீ குடித்து, அடுத்த ரயிலில் ஏறிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கெல்லாம் திட்டு வாங்கினேன், மறந்தும் போனேன். செய்தித்தாள் டெஸ்க்கில் இருந்த இத்தனை வருடத்தில் நான் உண்மையிலேயே தலைகுனிந்தது, நாலாம் பக்கத்தின் கீழ்மூலையில் வந்த உள்ளங்கை அகலக் கட்டம் ஒன்றுக்காக. ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் முன்பு நடந்தது. நீங்கள் இப்போது உட்காருகிற அதே ஜன்னலோர மேசையில்தான்.

அந்தக் கட்டத்துக்கு ‘ஆறுக்கு ஆறு’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வட்டாரப் பக்கத்தில் வரும். மூன்று ஆங்கில எழுத்துகள் கொடுப்போம். அந்த மூன்றும் இடம்பெறுகிற ஆறெழுத்து ஆங்கிலச் சொற்கள் ஆறு கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் இரண்டு எழுத்துகளைத் துப்பாகத் தருவோம். சொல்லைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதன் பொருளையும், அந்தச் சொல்லை வைத்துத் தமிழில் சொந்தமாக ஒரு வாக்கியத்தையும் எழுதி, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அலுவலக வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். விடைகள் அடுத்த ஞாயிறு ஆறாம் பக்கத்தில் வரும்.

சொற்களை நான் இணையத்தில் பொறுக்குவேன். எழுத்தைக் கொடுத்தால் சொற்களை வரிசையாகக் கொட்டுகிற தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. பொருளை மட்டும் அகராதி பார்த்து நானே எழுதுவேன். வாக்கியம் கேட்டது எங்கள் பக்க ஆசிரியரின் யோசனை. அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். “போன்ல பாத்து அர்த்தத்த யாரும் எழுதிருவாங்க சார். வாக்கியம் எழுதச் சொன்னாத்தான் ஆள் வெளிய வரும்” என்றார். அப்படியே வந்தார்கள். மில் தொழிலாளி எழுதினால் நூல் அறுந்தது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் எழுதினால் மேஸ்திரி திட்டினார், கயத்தாற்றிலிருந்து எழுதும் ஒரு கண்டக்டரின் ஆறு வாக்கியங்களிலும் சில்லறை இல்லை.

பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருடம் முழுவதும் ஒரு வாரம்கூட விடாமல், ஒரு சொல்கூடத் தப்பாமல் அனுப்புகிறவர், அடுத்த வருடத்தின் முதல் புதிரைத் தானே அமைக்கலாம். பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் வரும். அவ்வளவுதான். அதற்காக ஊரே எப்படி அடித்துக்கொண்டது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம் டிசம்பர் வரைக்கும் தாக்குப்பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோவில்பட்டி மெயின் ரோட்டில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்த அண்ணாச்சி. மிட்டாய்ப் பாக்கெட்டின் மேல் தாளில் விடை எழுதிப் பார்ப்பவர். அனுப்பிய கையோடு எனக்குப் போன் வேறு செய்வார்.

“என்ன சார், இந்த வாரம் ரொம்ப லேசா இருக்கே. ஒங்களுக்கு வயசாயிட்டுதோ?”

இன்னொருவர் எப்போதும்வென்றானைச் சேர்ந்த சண்முகத்தாய். நாற்பதை ஒட்டிய வயது. கணவரும் அவரும் மானாவாரி விவசாயம். பிளஸ் டூ வரை படித்தவர். இதெல்லாம் அவருடைய வாக்கியங்களிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டவை. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ஆறரை மணிக்கு முன்னால் அவருடைய விடை வந்துவிடும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: “வணக்கம். எப்போதும்வென்றான் சண்முகத்தாய்.” ஊர்ப் பெயரை வைத்து அண்ணாச்சி அவரைக் கிண்டல் செய்வார். “பேரப் பாத்துப் பயந்துருவோமா சார்? நம்ம ஊர்ல ரயிலே நிக்குது” என்பார்.

வருடத்தின் கடைசிப் புதிர் வந்தது. எழுத்துகள் L, O, W. சொற்கள் ஆறு. BELLOW, காளை முக்காரமிட்டுக் கத்துவது. CALLOW, அனுபவம் போதாத. FALLOW, தரிசாகப் போட்ட நிலம். SALLOW, வெளிறிப்போன முகம். TROWEL, கொத்தனார் கரண்டி. WILLOW, கிரிக்கெட் மட்டை செய்கிற மரம்.

இனி என் தவறு.

நம் வட்டாரப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலமே அச்சுக்குப் போய்விடும். முதல் பதிப்பு ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமங்களுக்கு, இரண்டாம் பதிப்பு கோவில்பட்டி நகரத்துக்கு. இடையில் இரண்டு மணி நேரம். அன்று ஆறாம் பக்கத்தில் போன வார விடைகளை வைக்க வேண்டிய இடத்தில், அந்த வார விடைகளின் கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். அதாவது, நாலாம் பக்கத்தில் கேள்வி, ஆறாம் பக்கத்தில் அதே கேள்விக்கு விடை. அதுவும் சரிபார்க்காத வரைவுக் கோப்பு. அதில் பொருள்களின் வரிசை ஒரு படி கீழே நழுவியிருந்தது. கடைசிப் பொருள் முதல் சொல்லுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஆக, BELLOW என்றால் கிரிக்கெட் மட்டை மரம். CALLOW என்றால் காளை முக்காரம். FALLOW என்றால் அனுபவம் போதாத. SALLOW தரிசு நிலம், TROWEL வெளிறிய முகம், WILLOW கொத்தனார் கரண்டி.

இரண்டாம் பதிப்புக்குப் பக்கத்தைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. உடனே சரியான கோப்பை வைத்தேன். நகரப் பதிப்பு சுத்தமாகப் போனது. முதல் பதிப்பின் கட்டுகள் அதற்குள் வேனில் ஏறிவிட்டன. அப்போது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பக்க ஆசிரியரிடம் சொல்வது ஒன்று. சொல்லாமலிருப்பது இன்னொன்று. முதல் பதிப்பு போகிற ஊர்களில் இந்தக் கட்டத்தை எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இதை வாசித்துவிட்டு, தவறு கோப்பை மாற்றி வைத்ததுதானே என்று நினைக்காதீர்கள். கோப்பு மாறுவது யாருக்கும் நடக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான் தவறு.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஞாயிறு காலையே தெரிந்தது. எப்போதும்வென்றான், பாஞ்சாலங்குறிச்சி, அதைச் சுற்றிய ஊர்கள் என்று முப்பத்தேழு பேர் விடை அனுப்பியிருந்தார்கள். மற்ற வாரங்களில் அங்கிருந்து நாலைந்து பேர் எழுதினாலே அதிகம். ஆறாம் பக்கத்தில் விடை சும்மா கிடக்கிறது என்ற செய்தி தெருத் தெருவாகப் போயிருக்கிறது. முப்பத்தேழிலும் அதே நழுவிய பொருள்கள். ஆனால் வாக்கியம் மட்டும் சொந்தமாக எழுத வேண்டுமே.

“எங்கள் வீட்டுக் காளை ராத்திரி முழுக்க காலோ போட்டது.”

“என் மச்சினன் ஒரு ஃபாலோ. அவனை நம்பி டிராக்டரைக் கொடுக்க முடியாது.”

“சரியாகச் சாப்பிடாததால் என் மகனுக்கு முகம் ட்ரவலாக இருக்கிறது.”

“கொத்தனார் வில்லோவை எடுத்துச் சுவரைப் பூசினார்.”

ஒன்றிரண்டுக்குச் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சிரித்துக்கொண்டே விரலை நகர்த்தியபோது அந்த முதல் வரி வந்தது. “வணக்கம். எப்போதும்வென்றான் சண்முகத்தாய்.” நேரம் ஆறு ஐம்பத்தைந்து. கீழே அதே ஆறு அபத்தங்கள். FALLOW, அனுபவம் போதாத ஆள்.

வருடம் முழுக்க நான் வியந்து வாசித்த ஒருவர் கடைசி வாரத்தில் காப்பியடித்திருக்கிறார். எனக்கு வந்தது கோபம். என் மேல் வரவேண்டிய கோபம் எவ்வளவு சுலபமாக அடுத்தவர் மேல் போகிறது பாருங்கள்.

திங்கள் காலை பக்க ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழியில்லாமல்தான் சொன்னேன், நேர்மையால் அல்ல. அவர் திட்டவில்லை. அலுவலகப் போனை வாங்கி, சண்முகத்தாயின் செய்தியை எடுத்து, இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்திப் பார்த்தார்.

“இது என்ன சார்?”

ஆறு இருபத்திரண்டுக்கு அதே எண்ணிலிருந்து ஒரு சாம்பல் நிற வரி. செய்தி நீக்கப்பட்டது என்றிருந்தது.

“மொதல்ல ஒண்ணு அனுப்பியிருக்காங்க. அழிச்சிட்டு வேற அனுப்பியிருக்காங்க. காப்பியடிக்கிறவங்க எதுக்கு ரெண்டு தடவ அனுப்பணும்?”

போனை வாங்கி அந்த எண்ணை அழுத்தப் போனேன்.

“போன்ல கேக்காதீங்க. நேர்ல போயிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் காலை எட்டயபுரம் வழியாக பஸ் பிடித்தேன். மழை ஓய்ந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் நின்றன. எப்போதும்வென்றானில் இறங்கி ரோட்டோர டீக்கடையில் வழி கேட்டேன். பேப்பர் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும், சிமெண்ட் படிந்த சட்டையோடு பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நான் இங்கன கொத்தனாரு. இருவது வருசமா கரண்டி புடிக்கேன். அதுக்கு இங்கிலீஷ்ல வில்லோன்னு ஒங்க பேப்பர் பாத்துத்தான் சார் தெரிஞ்சுக்கிட்டேன்!”

“அது வந்துங்க...”

“நானும் ஒரு பதிலு அனுப்பிச்சேன். எம் பேரு வருமா?”

அவர் பின்னால் திரும்பி, செங்கல் இறக்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஏலே, அந்த வில்லோவ வெயில்ல போடாத, எடுத்து உள்ள வையி!”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது. சண்முகத்தாய் உளுந்துக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிச் சொன்னதும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“தப்பாயிட்டுன்னு சொல்லத்தான வந்திருக்கீங்க? பாத்து மாத்துனது தப்புதான் சார். ஒத்துக்கிடுதேன்.”

“மொதல்ல ஒண்ணு அனுப்பி அழிச்சிருக்கீங்க. அதுல என்ன எழுதியிருந்தீங்க?”

“அது எதுக்கு இப்ப? அதான் ஆறும் தப்பாப் போச்சே.”

“தப்புன்னு யாரு சொன்னா?”

“ஒங்க பேப்பருதான் சொல்லிச்சு.”

பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து அவர் சொன்னது இது. காலையில் பேப்பர் வந்ததும் நாலாம் பக்கத்தை மட்டும்தான் திறப்பார். விடையை எழுதி அனுப்பிய பிறகே ஆறாம் பக்கத்தைத் திருப்பி, போன வாரம் எழுதியது சரியா என்று பார்ப்பார். ஒரு வாரம்கூட இதை மாற்றியதில்லை. அந்த ஞாயிறும் அப்படியே அனுப்பிவிட்டுத் திருப்பியிருக்கிறார். போன வார விடைக்குப் பதிலாக இந்த வாரச் சொற்கள் இருந்தன. அவர் எழுதிய ஆறும் தப்பு என்று அச்சில் கிடந்தது.

“ஃபாலோன்னா தருசுன்னு எனக்குத் தெரியாதா சார்? தாலுகா ஆபீஸ்ல குடுத்த கம்ப்யூட்டர் தாள்ல, எங்க தெக்குப் புஞ்சைக்கு நேரா ஃபாலோன்னுதான் போட்டுருக்கு. ரெண்டு வருசம் சும்மா கெடந்துச்சு அது. நானே காசு போட முடியாம போட்டு வச்ச நெலம். ஆனா பேப்பர்ல வேற மாதிரி போட்டுருக்கு. சரி, ஆபீஸ்க்காரவுகதான் தப்பா எழுதிட்டாவ, நமக்கும் தப்பாத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.”

“ஆறும் தப்பாத் தெரிஞ்சிருக்கும்னா?”

“பேப்பர்ல போடுததுன்னா பத்துப் பேரு பாத்துத்தான சார் போடுவீங்க?”

அந்தக் கட்டத்தைப் பார்த்தது பத்துப் பேர் அல்ல, ஒரே ஒருவன். அவனும் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அழைத்துப் போய், உரக்கடை நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றைக் காட்டினார். அனுப்புவதற்கு முன் பென்சிலால் எழுதிப் பார்த்த தாள். ஆறு சொல், ஆறு பொருள், ஆறு வாக்கியம். எல்லாம் சரி. மூன்றாவது வரி: “எங்கள் தெற்குப் புஞ்சை இரண்டு வருடம் FALLOW ஆகக் கிடந்தது. இந்த வருடம் உளுந்து போட்டிருக்கிறோம்.” அதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதிதாக எழுதியிருந்தார்: “ஃபாலோ ஆளிடம் வேலையைக் கொடுக்காதே.” அடித்த இடத்தில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது.

“சனவரி மொத ஞாயித்துக்கெழமைக்கு வார்த்தையெல்லாம் எடுத்து வச்சிட்டேன் சார். தெருப்பூராச் சொல்லி வச்சிருக்கேன், எம் பேரு பேப்பர்ல வருதுன்னு. இனி பாத்து எழுதுன கொத்தனாரு பேரும் எம் பேரும் ஒண்ணுதான்.”

அப்போதுதான் சொன்னேன். கோப்பை மாற்றி வைத்தது நான், பொருள் நழுவியது என் வரைவில், அது சனிக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும்.

அவர் தாளைக் கீழே வைத்தார்.

“சனிக்கெழமயே தெரியுமா?”

“தெரியும்மா.”

“வருசம் பூரா எம் நம்பரு ஒங்க போன்ல கெடக்கே சார். ஒரு போன் போட்டா என்ன?”

எனக்குக் கிடைத்த எந்தத் திட்டும் இந்த ஒரு வரிக்கு உறை போடக் காணாது. முதல் பதிப்பு போகிற ஊர்களில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டவனிடம், பார்க்கிற ஒருவரின் எண் வருடம் முழுக்கச் சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது.

அவர் அனுமதியோடு தாளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். நேரே கடலைமிட்டாய்க் கடைக்குப் போனேன். ஏனென்றால் விதிப்படி ஜெயித்தவர் அண்ணாச்சி. அவருக்கு வந்தது நகரப் பதிப்பு. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருடையதை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. நடந்ததைச் சொல்லிவிடுவது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

பாகு வாசனையில் நின்றபடி கேட்டார். கொத்தனார் கதைக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். படத்தைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு வாக்கியத்தையும் வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“சார், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அந்தத் தப்பு பேப்பரு எங் கடைக்கு வந்திருந்தா, நான் ஒரு வார்த்தைய மாத்தியிருக்க மாட்டேன்.”

“அவ்வளவு நம்பிக்கையா உங்க மேல?”

“எம் மேல என்ன நம்பிக்க? ஒங்க மேல இல்ல. தீவாளிக்கு எங் கடை விளம்பரத்துல போன் நம்பர மாத்திப் போட்டீங்கள்லா? ஒரு வாரம் பூரா ஏதோ ஒரு பல் டாக்டருக்குப் போன் போட்டு ரெண்டு கிலோ மிட்டாய் கேட்டுருக்கு சனம். அன்னையிலருந்து ஒங்க பேப்பர்ல தேதிய மட்டுந்தான் நம்புதேன்.”

கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். அண்ணாச்சி படத்தை மறுபடி பார்த்தார்.

“அந்தம்மா ஒங்கள நம்புனாவ, தோத்துட்டாவ. நான் நம்பல, ஜெயிச்சிட்டேன். இது என்ன சார் கணக்கு?”

தம்பிமார்களே, தங்கைமார்களே, நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்னிடம் பாடம் எதுவும் கிடையாது.

அவரே ஒரு பாக்கெட்டைத் திருப்பி அதன் மேல் எழுதினார். “ஆறு வார்த்தையில மூணு அவிய போடட்டும், மூணு நான் போடுதேன். ஆனா எம் பேருதான் மொதல்ல வரணும். கேட்டுச் சொல்லுங்க.”

வெளியே வந்து, இந்த முறை உடனே போன் போட்டேன். சண்முகத்தாய் முழுவதையும் கேட்டார்.

“சரி சார். ஆனா பேர அகர வரிசையில போடுங்க. ஊர்ப் பேர வச்சு.”

எப்போதும்வென்றான், கோவில்பட்டி. எகரம் முன்னால், ககரம் பின்னால். இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, “பலே ஆளுதான்” என்றார். ஒரு பாக்கெட் மிட்டாயை என் கையில் திணித்து, அந்தம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

திருத்தம் எழுதும் வேலை பாக்கி இருந்தது. “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்று தொடங்கி எழுதிக்கொண்டு போனேன். பக்க ஆசிரியர் முதல் வரியிலேயே பேனாவை வைத்தார்.

“எந்தத் தொழில்நுட்பம் சார்? உங்க ஆள்காட்டி விரலா?”

அந்த ஞாயிறு, அதே ஆறாம் பக்கம், அதே இடம், அதே அளவு. விடைக் கட்டத்தைத் தயாரித்தவர் சரிபார்க்கவில்லை, தவறு தெரிந்த பிறகும் வாசகர்களுக்கு உடனே சொல்லவில்லை என்று அச்சானது. கீழே ஆறு சொற்களும் அவற்றின் சரியான பொருள்களும். FALLOW-க்கு உதாரண வாக்கியமாகச் சண்முகத்தாயின் தெற்குப் புஞ்சை வந்தது.

திருத்தத்தை எல்லோரும் வாசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். ரோட்டோரம் புதிதாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் மேலிருந்து பழக்கமான குரல் கேட்டது. “ஏலே, அந்தச் சின்ன வில்லோவ எடுத்துக் குடு!” கீழே நின்ற ஆள் ஒரு தயக்கமும் இல்லாமல் கரண்டியை எடுத்து நீட்டினார். அந்த ஊரில் இனி அது வில்லோதான். நாம் ஒரு தடவை தப்பாகப் போட்டால் அது எத்தனை வருடம் வேலை செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடைசியாக, அந்த ஜனவரிப் புதிர். எழுத்துகள் W, O, R. அண்ணாச்சியின் மூன்று சொற்களும் கடைத்தெருவிலிருந்து வந்தன: தள்ளுவண்டிக்கு BARROW, குறுகலான தெருவுக்கு NARROW, வேலையாளுக்கு WORKER. சண்முகத்தாயின் மூன்றும் காட்டிலிருந்து வந்தன. எலி வளைக்கு BURROW, வளர்ச்சிக்கு GROWTH, பிறகு FURROW. அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருள், “உழவுச் சால்” என்று எழுதியிருந்தார். நகரத்து வாசகர்களுக்குச் சால் என்றால் புரியாது என்று எனக்குத் தோன்றியது. அகராதியில் ஏதோ நீளமான பள்ளம் என்று இருந்தது. “வாய்க்கால்” என்று மாற்றினேன்.

விடை வருகிற வாரம், சனிக்கிழமை மத்தியானம், பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதற்கு முன் எந்த வாசகருக்கும் அப்படி அனுப்பியதில்லை. பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“சார், தப்பாப் போட்டுருக்கீங்க.”

“எதும்மா?”

“அது வாய்க்கா இல்ல. சாலு. ஏரு போற தடம். வாய்க்காலுக்கு எங்கூர்ல தண்ணி எங்கன சார் இருக்கு?”

“டவுன்ல இருக்கிறவங்களுக்கு சால்னா தெரியாதேன்னு...”

“தெரியாட்டிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டும். நான் எழுதுனதுதான் சரி. மாத்துங்க.”

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். களைக்கு நேரமாகிறதாம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே கால். அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. மாற்றினேன்.